இதுக்கு ஸ்டெப் கிடையாது

உக்காருங்க அண்ணாச்சி. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. சங்கரன்கோவில்ல இருந்து பஸ்லதான வந்தீங்க? கோவமாத்தான் வந்திருக்கீங்க. வாசல்ல செருப்பைக் கழட்டுன தினுசுலயே தெரிஞ்சுது. ஒண்ணு படிகிட்ட கிடக்கு, ஒண்ணு தண்ணித்தொட்டிகிட்ட கிடக்கு.

கோவப்பட உங்களுக்கு உரிமை இருக்கு. ஒரு நாள் சாயங்காலம் போன் பண்ணி, 'எங்களுக்குப் பூரண சம்மதம், ஆவணி பிறந்ததும் தேதி பாத்துடலாம்'னு சொன்னவன் நான். அடுத்த வாரமே, 'மன்னிக்கணும், இந்தச் சம்பந்தம் முடியாது'ன்னு மெசேஜ் போட்டவனும் நான்தான். நடுவுல என்ன நடந்துச்சுன்னு கேக்க வந்திருக்கீங்க. நியாயமான கேள்வி. நான் வேலை பாத்த காலம் பூரா பிளஸ் டூவுக்குக் கணக்கு எடுத்தவன். ஏன்னு கேட்டா ஸ்டெப் ஸ்டெப்பாத்தான் எனக்குச் சொல்ல வரும். குறுக்க பேசாம கேளுங்க. முடிச்ச பெறகு என்னை வையணும்னா வைங்க.

செண்பகம், ரெண்டு டீ. அண்ணாச்சிக்குச் சீனி போடாத.

முதல்ல ஒண்ணு சொல்லிடுதேன். உங்க பையன் கோமதிநாயகம் மேல எந்தக் குறையும் இல்ல. எங்க வீட்டுக்குப் பொண்ணு பாக்க வந்த பையன்கள்ல அவன்தான் முதல் மார்க். இப்பவும் அதுல மாத்தம் இல்ல.

உலகேஸ்வரிக்கு வரன் பாக்க ஆரம்பிச்சப்பவே நான் ஒரு முடிவு எடுத்தேன். சாதகத்தைச் சோசியர் பாப்பாரு. சம்பளத்தை என் மச்சினன் விசாரிச்சுச் சொல்லிடுவான். குடிப்பானா மாட்டானான்னு அந்த ஊர் சலூன்ல கேட்டாப் போதும். ஆனா பையன் முறையா யோசிக்கிறவனா இல்லையான்னு யாரு பாக்கிறது? நானே பாத்துக்கிடுதேன்னு முடிவு பண்ணேன். கேசரி சாப்பிட்டு முடிச்சதும் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் குடுக்கிறது. கணக்கு ஒண்ணே ஒண்ணு.

எக்ஸ் பவர் ஒய், ஒய் பவர் எக்ஸுக்குச் சமம். ஒய் வந்து எக்ஸைப் போல ரெண்டு மடங்கு. எக்ஸ் என்ன, ஒய் என்ன?

அவ்வளவுதான். ரெண்டு சமன்பாடு, ரெண்டு மாறி. பாக்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். ஆனா பத்தாங்கிளாஸ்ல போட்ட மாதிரி கூட்டிக் கழிச்சு ஒரு மாறியைத் தள்ளிவிட முடியாது, பாத்துக்கிடுங்க. இங்க ஒரு மாறி இன்னொரு மாறியோட தலைமேல ஏறி உக்காந்திருக்கு. கீழ இருக்கிறது எவ்வளவுன்னும் தெரியாது, மேல இருக்கிறது எவ்வளவுன்னும் தெரியாது. மேல இருக்கிறது கொஞ்சம் அசைஞ்சா, கீழ இருக்கிறதோட மதிப்பு எங்கயோ போயிடும். ஒரு ஆளைச் சோதிக்க இதைவிட நல்ல கணக்கு கிடையாது.

செண்பகத்துக்கு இது பிடிக்கல. 'பொண்ணு பாக்க வந்தவனுக்குப் பரீட்சை வைக்கிற வீடு இந்தத் தென்காசியில நம்ம வீடு ஒண்ணுதான்'னா. நான் அதைப் பாராட்டாத்தான் எடுத்துக்கிட்டேன்.

அம்பாசமுத்திரத்துல இருந்து ஒரு பேங்க் மேனேஜர் வந்தான். தாளை நான் மேசையில வைக்கல, அதுக்குள்ள 'ரெண்டு, நாலு'ங்கான். விடை சரிதான். ரெண்டு பவர் நாலு பதினாறு, நாலு பவர் ரெண்டும் பதினாறு. 'எப்படிக் கண்டுபிடிச்சீங்க தம்பி'ன்னு கேட்டேன். 'பாத்தாலே தெரியுதே சார்'னான். பாத்தாலே தெரியுதாம்! ஸ்டெப் இல்லாம வெறும் விடை எழுதினா என் கிளாஸ்ல முட்டை. கலெக்டர் மகனா இருந்தாலும் முட்டைதான். தரகர்கிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன்.

தூத்துக்குடிப் பையன் ஒருத்தன் பாக்கெட்ல இருந்து போனை எடுத்துக் கணக்கைப் போட்டோ பிடிச்சான். அவன் கதை அதோட முடிஞ்சுது. சுரண்டையில இருந்து வந்த பையன் பேனாவைக் கையில எடுக்க முன்னாடி அவங்க அம்மா வாங்கிட்டாங்க. 'எங்க வீட்டுக் கணக்கெல்லாம் நான்தான் பாக்கேன்'னு அந்தம்மா உக்காந்து எழுத ஆரம்பிச்சுட்டாங்க. தப்பு தப்பா எழுதுனாங்க. ஆனா ஸ்டெப் போட்டாங்க, அதைச் சொல்லணும்.

பெறகு வைகாசியில நீங்க வந்தீங்க. உங்களுக்கே ஞாபகம் இருக்கும். கோமதிநாயகம் சட்டைக் கையை மடிச்சுவிட்டுக்கிட்டான். ஒய்க்குப் பதிலா ரெண்டு எக்ஸைப் போட்டான். ரெண்டு பக்கமும் லாக் எடுத்தான். தலைமேல உக்காந்திருந்த மாறி இறங்கிப் பக்கத்துல வந்து நின்னுச்சு. ரெண்டு பக்கத்துலயும் எக்ஸை அடிச்சான். எக்ஸ் ஸ்கொயர், ரெண்டு எக்ஸுக்குச் சமம். எக்ஸ் ரெண்டு, ஒய் நாலு. அடியில கோடு போட்டு, விடைன்னு எழுதி, அதைச் சுத்தி ஒரு கட்டமும் போட்டான். அந்தக் கட்டத்தைப் பாத்ததும் எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு அண்ணாச்சி. எழுந்து கை குடுத்தேன்ல?

நீங்க கார்ல ஏறிப் போனதும் செண்பகம் சொல்லுதா, 'அந்தப் பையன் உலகுவை ஒரு தடவைகூட நிமிந்து பாக்கல.' நான் சொன்னேன், அதுக்குப் பேருதான் கவனம்னு.

அன்னைக்குச் சாயங்காலம் உலகுகிட்ட கேட்டேன். அவளைப் பத்தி உங்களுக்குத் தெரியும், எம்.எஸ்சி. கணக்கு, போஸ்டல் பரீட்சை எழுதி இப்ப இலஞ்சி போஸ்ட் ஆபீஸ்ல போஸ்ட்மாஸ்டரா இருக்கா. கேசரித் தட்டைக் கழுவிக்கிட்டே 'வேண்டாம்பா'ன்னா.

'ஏன்?'

'ஒரு விடையை விட்டுட்டாரு.'

'எந்த விடையை? அதுக்கு இருக்கிறதே ஒரு விடைதான்.'

'ரெண்டு இருக்கு. நீங்களும் ஒண்ணை விட்டுட்டீங்க.'

யாரைப் பாத்துச் சொல்லுதா? நான் அந்தக் கணக்கை எத்தனை பேருக்குக் குடுத்திருக்கேன்! 'சொல்லு, என்ன விடை?'ன்னு கேட்டேன். தட்டைக் கவுத்தி வச்சுட்டுக் கையைத் துடைச்சா. 'நீங்களே கண்டுபிடிங்கப்பா. கண்டுபிடிச்சுட்டா நீங்க சொல்ற மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டுதேன். மறுபேச்சு பேச மாட்டேன். கண்டுபிடிக்கலன்னா, நான் சொல்ற ஆளை நீங்க ஒத்துக்கிடணும்.'

எனக்குச் சிரிப்பு வந்துச்சு. இல்லாத விடையைக் கண்டுபிடிக்கச் சொல்லி என்னைச் சும்மா இருக்க வைக்கப் பாக்கான்னு நினைச்சேன். சரின்னுட்டேன். அவ ஒரு வார்த்தை சொன்னா சொன்னதுதான். அந்தப் பிடிவாதம் அவங்க அம்மா வழி.

'நான் சொல்ற ஆளை'ன்னு அவ சொன்னதை நான் அப்ப கவனிக்கல. எனக்குக் கணக்குல புத்தி போயிடுச்சு. செண்பகந்தான் ராத்திரிச் சாப்பாட்டுல ரசம் ஊத்தும்போது சொன்னா. ஆள் இருக்குன்னா. கடையத்துல கால்நடை டாக்டர். பேரு இசக்கியப்பன். மத்தது எல்லாம் நமக்குப் பொருந்தும், ஆனா பொண்டாட்டி செத்துப்போச்சு, ஒரு பொம்பளப்பிள்ளை இருக்கு. அந்தப் பிள்ளை பேர்ல செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்க இலஞ்சி போஸ்ட் ஆபீஸ்க்கு வந்தவன், கடையத்துலயே போஸ்ட் ஆபீஸ் இருக்கும்போது மாசாமாசம் இலஞ்சிக்கே வந்திருக்கான்.

ரெண்டாம் தாரம், அண்ணாச்சி. ஒரே பொண்ணு, எம்.எஸ்சி. முதல் வகுப்பு, போஸ்ட்மாஸ்டர், ரெண்டாம் தாரமாப் போகணுமாம். எந்த அப்பன் ஒத்துக்கிடுவான்? நீங்க ஒத்துக்கிடுவீங்களா? சொல்லுங்க. மாட்டீங்கள்ல.

ஆனாலும் நான் அநியாயம் பண்றவன் இல்ல. எல்லாருக்கும் வச்ச பரீட்சையை அவனுக்கும் வைக்கணும்னு கடையத்துக்குப் போனேன். மாட்டாஸ்பத்திரியில ஒரு பசு நின்னுச்சு, அதுக்குப் பின்னால அவன் நின்னான். ஒரு கையைக் காணோம். தோள்பட்டை வரைக்கும் பசுவுக்குள்ள இருக்கு. சினை பாக்கானாம். 'நான் உலகேஸ்வரியோட அப்பா'ன்னேன். 'வணக்கம் சார், கை குடுக்க முடியாது, மன்னிக்கணும்'னான். பெறகு கையை உருவி, உறையைக் கழட்டி, கழுவிட்டு வந்து, எனக்கு ஒரு ஸ்டூலைத் துடைச்சுப் போட்டான். 'முட்டி வலி எப்படி இருக்கு சார்'னான். என் முட்டி வலி அவனுக்கு எப்படித் தெரியும்? எல்லாம் உலகு சொல்லியிருக்கா.

தாளைக் குடுத்தேன். பாத்தான். தலைகீழாத் திருப்பி ஒரு தடவை பாத்தான். நேரா வச்சு ஒரு தடவை பாத்தான்.

'தெரியாது சார்'னான்.

'முயற்சி பண்ணிப் பாருங்க.'

'எனக்குக் கணக்கு வராது சார். அதான் உயிரியல் எடுத்தேன். உலகேஸ்வரிகிட்ட கேட்டாச் சொல்லுவாங்க, ஆனா அது காப்பி அடிக்கிற மாதிரி.' தாளைப் பத்திரமா மடிச்சு என்கிட்டயே குடுத்துட்டான்.

முட்டை. ஒரு வரி எழுதல. அந்தச் சுரண்டை அம்மாகூட எழுதுனாங்க. வெளிய வரும்போது அந்தப் பசுவோட சொந்தக்காரர் என்கிட்ட 'என்ன சார், உங்களுக்கும் மாடு சினையா'ன்னு கேட்டாரு. இல்ல, மகளுக்கு வரன் பாக்க வந்தேன்னேன். அவரு பசுவை என்கிட்ட இருந்து கொஞ்சம் தள்ளிக் கட்டுனாரு.

அப்புறந்தான் நான் கணக்குல முழுசா இறங்கினேன். இனி விளையாட்டு இல்ல, பாத்துக்கிடுங்க. அந்த இன்னொரு விடையை நான் கண்டுபிடிக்கலன்னா என் மக மாட்டு டாக்டருக்கு ரெண்டாம் தாரம். ஆனி மாசம், சாரல் சீசன். ஊர் பூரா குற்றாலத்துல குளிச்சுட்டு ஈரத்துண்டோட திரியுது. நான் வீட்டுக்குள்ள உக்காந்து பின்னத்தைப் போட்டுப் பாக்கேன், தசமத்தைப் போட்டுப் பாக்கேன், கிராஃப் தாள் வாங்கிட்டு வந்து வளைகோடு வரைஞ்சு பாக்கேன். எல்லாம் அந்த ரெண்டுலயும் நாலுலயும் வந்துதான் நிக்குது. எங்க ஸ்கூல்ல பிசிக்ஸ் எடுத்த பால்வண்ணம் சார்கிட்ட போனேன். அவரு 'கம்ப்யூட்டர்ல போட்டா வந்துடும்'னாரு. தூத்துக்குடிப் பையன் ஞாபகம் வந்துச்சு. எழுந்து வந்துட்டேன்.

உலகுகிட்ட மட்டும் கேக்கல. கேட்டிருந்தா ஒரு குறிப்பாவது குடுத்திருப்பா. தினம் போஸ்ட் ஆபீஸ் விட்டு வந்து, என் மேசையைப் பாப்பா. 'வந்துச்சாப்பா?'ன்னு கேப்பா. 'வரும்'பேன். காபி போட்டு வச்சுட்டுப் போவா. உள்ளுக்குள்ள சந்தோஷமாத்தான் இருந்திருக்கா. சமையல்கட்டுல அம்மாவும் மகளும் பேசுற சத்தம் கேக்கும், அந்தச் சின்னப்பிள்ளைக்கு எந்த அளவுல பாவாடை எடுக்கிறதுன்னு.

ஆடி பிறந்துச்சு. தள்ளுபடியில சேலை எடுக்கணும்னு செண்பகம் என்னைத் திருநெல்வேலிக்கு இழுத்துக்கிட்டுப் போனா. பெரிய கடை. நாலு மாடி, கீழ ரெண்டு தளம் வண்டி நிறுத்த. என் முட்டிக்காக லிஃப்ட்ல ஏறினோம். பட்டுச் சேலை நாலாவது மாடி. பட்டனை அமுக்கப் போறேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. கீழ, மைனஸ் ஒண்ணு, மைனஸ் ரெண்டு.

மைனஸ் ரெண்டு.

கை அப்படியே நின்னுடுச்சு. நான் லாக் எடுத்தே பழகினவன். லாக்குக்குள்ள மைனஸ் போகாது, கதவை அடைச்சுடும். அதனால அந்தப் பக்கம் நான் திரும்பியே பாக்கல. மைனஸ் ரெண்டு, அதோட ரெண்டு மடங்கு மைனஸ் நாலு. மைனஸ் ரெண்டோட பவர் மைனஸ் நாலு, பதினாறுல ஒண்ணு. மைனஸ் நாலோட பவர் மைனஸ் ரெண்டு, பதினாறுல ஒண்ணு.

சமம்.

செண்பகம் நாலாவது மாடியில இறங்கிட்டா. நான் இறங்கல. கீழ போனேன். மேல வந்தேன். மறுபடி கீழ போனேன். லிஃப்ட்ல நின்ன பொண்ணு 'எந்தத் தளம் சார்?'னு கேட்டுச்சு. 'மைனஸ் நாலு இருக்காம்மா?'ன்னேன். 'ரெண்டு வரைக்குந்தான் சார் இருக்கு'ன்னுச்சு.

சேலைக் கவுண்டர்ல செண்பகத்தைப் பிடிச்சு, 'கண்டுபிடிச்சுட்டேன்'னு சொன்னேன். அவ முன்னால ஒரு மலையளவு சேலை விரிச்சுக் கிடக்கு. கையில ஒரு மயில்கழுத்துக் கலர் சேலை வச்சிருந்தா. அதைக் கீழ வச்சா. அங்க கிடந்த ஸ்டூல்ல உக்காந்துட்டா. 'நிசமாவா?'ன்னா. நிசமாத்தான்னு ஒரு பில்லுக்குப் பின்னால எழுதிக் காட்டுனேன். அவ அதைப் பாக்கல. 'வாங்க, வீட்டுக்குப் போலாம்'னா. சேலை எடுக்கலயான்னு கேட்டேன். ஒண்ணும் பிடிக்கலன்னுட்டா. தள்ளுபடியில சேலை பிடிக்காமப் போனதை நான் அன்னைக்குத்தான் பாத்தேன்.

வீட்டுக்கு வந்து உலகுகிட்ட தாளைக் குடுத்தேன். வாங்கிப் பாத்தா. ஒருதடவைதான் பாத்தா. 'சரிதான்பா'ன்னா. 'அந்த சங்கரன்கோவில்காரங்களுக்குப் போன் பண்ணிடுங்க.' அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை கூடவும் இல்ல, குறையவும் இல்ல. அப்பத்தான் உங்களுக்குப் போன் பண்ணேன். இன்னொரு விடை மைனஸ் ரெண்டு, மைனஸ் நாலுன்னு கோமதிநாயகத்துகிட்டயும் சொல்லச் சொன்னேன். பையன் தெரிஞ்சுக்கிடட்டுமேன்னு.

மறுநாள் அவ கடையம் போயிட்டு வந்தா. 'சொல்லிட்டேன்பா'ன்னா. அவரு என்ன சொன்னாருன்னு கேட்டேன். 'சரின்னாரு'ன்னா.

இப்பத்தான் அண்ணாச்சி விஷயம். அவ அழுதிருந்தா எனக்கு ஒண்ணும் இல்ல. பொண்ணுங்க அழுவாங்க, பெறகு சரியாயிடுவாங்க. சாப்பிடாமக் கிடந்திருந்தாலும் ஒரு வழி, செண்பகம் பாத்துக்கிடுவா. இவ நல்லா சாப்பிட்டா. நேரத்துக்குத் தூங்குனா. உங்க பையன் வேலை பாக்கிற பெங்களூருக்கே மாத்தல் கேட்டு எழுதிப் போடணும்னு என்கிட்டயே பேனா வாங்கினா. ஆபீஸ் விட்டு வந்ததும் காதுல ஒயரை மாட்டிக்கிட்டு, போனைப் பாத்துக் கன்னடம் படிக்க ஆரம்பிச்சுட்டா. எதையும் அரைகுறையாச் செய்யமாட்டா. சின்ன வயசுலயே வாய்ப்பாட்டை அப்படித்தான் படிச்சா, சத்தமா, திரும்பத் திரும்ப.

இந்த அறைக்கும் அவ அறைக்கும் நடுவுல இந்தச் சுவர்தான். நான் இங்க உக்காந்து பேப்பர் படிக்கேன். அந்தப் பக்கம் இருந்து கேக்கு. 'நனகே பேடா.' கொஞ்சம் நேரம் கழிச்சு, 'நனகே பேடா.' மெதுவா ஒருதடவை, வேகமா ஒருதடவை. சாயங்காலம் பூரா அந்த ஒண்ணுதான். மறுநாளும் அதுதான்.

கதவைத் தட்டிக் கேட்டேன். 'அதுக்கு என்னம்மா அர்த்தம்?'

ஒயரைக் காதுல இருந்து எடுத்தா. 'எனக்கு வேண்டாம்னு அர்த்தம்பா'ன்னா. 'கடையில பை குடுத்தா சொல்லணும்ல. உச்சரிப்பு சரியா வர மாட்டேங்குது.'

வந்து உக்காந்தேன். பேப்பர் படிக்க ஓடல. சரி, கணக்கையாவது முடிச்சு வைப்போம்னு தாளை எடுத்தேன். விடை இருக்கு, ஆனா ஸ்டெப் எழுதலையே. லிஃப்ட் பட்டனைப் பாத்துக் கண்டுபிடிச்சேன்னு விடைத்தாள்ல எழுத முடியுமா? முறையா ஒரு வழி வேணும்ல. உக்காந்தேன். எழுதினேன். அன்னைக்குச் சாயங்காலம் பூரா எழுதினேன்.

வரல அண்ணாச்சி. ஸ்டெப் வரல. லாக் எடுத்தா மைனஸ் நிக்காது. லாக் எடுக்காம மேல இருக்கிற மாறியை இறக்க முடியாது. இது பழைய பிரச்சினை. மாறிக்கு மேல மாறி உக்காந்துட்டா வழி கிடையாது, போட்டுப் பாக்கிறது ஒண்ணுதான் வழி. ஆனா போட்டுப் பாக்கிறதை ஸ்டெப்னு சொல்ல முடியாது.

காலையில இட்லி சாப்பிடும்போது உலகுகிட்ட சொன்னேன். 'நான் கண்டுபிடிச்சது செல்லாதும்மா.'

'ஏன்பா? விடை சரிதான?'

'விடை சரி. ஸ்டெப் இல்ல. நான் சும்மா பாத்துட்டுச் சொன்னேன். அம்பாசமுத்திரத்துப் பையன் பாத்துட்டுச் சொன்னதுக்கு நான் முட்டை போட்டேன். எனக்கு மட்டும் மார்க் போட்டா நியாயம் இல்ல. இந்த விடைக்கு ஸ்டெப் கிடையாது. நேத்து பூரா உக்காந்து பாத்துட்டேன். அதனால நான் கண்டுபிடிக்கலன்னுதான் அர்த்தம்.'

அவ இட்லியை அப்படியே வச்சுட்டு என்னைப் பாத்தா. செண்பகம் சட்னிக் கரண்டியோட அங்கயே நிக்கா, சட்னி தரையில சொட்டுது.

உலகு சொன்னா, 'ஆமாப்பா. நானும் பாத்தேன். இதுக்கு ஸ்டெப் கிடையாது.'

கேட்டீங்களா? எம்.எஸ்சி. படிச்சவ, அவளே ஒத்துக்கிட்டா. எனக்கு அப்பத்தான் நிம்மதி. நான் ஏதோ மனசு இரங்கி விட்டுக்குடுத்துட்டேன்னு நீங்க நினைக்கக் கூடாது. செண்பகம் அப்படித்தான் ஊர்ல சொல்லிக்கிட்டுத் திரியுதா. அப்படி ஒண்ணும் இல்ல. பந்தயத்துல அவ ஜெயிச்சா, நான் தோத்தேன். தோத்தவன் ஒத்துக்கிட்டுத்தான ஆகணும்? இதுல பாசம் எங்க வந்துச்சு?

அவ சாப்பிட்டு முடிச்சா. கை கழுவினா. ஆபீஸ்க்குக் கிளம்பினா. எப்பவும் 'வாரேன்பா'ம்பா. அன்னைக்கு வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து, என் முட்டிக்குத் தடவுற மருந்தை எடுத்து மேசையில வச்சுட்டுப் போனா. சாயங்காலம் அந்தப் பக்கம் கன்னடம் கேக்கல.

அப்பத்தான் உங்களுக்கு மெசேஜ் போட்டேன். போன்ல சொல்லியிருக்கணும். அது என் தப்புதான்னு செண்பகம் சொல்லுதா. ஆனா போன்ல ஸ்டெப் கிடையாதுங்கிறதை உங்களுக்குப் புரிய வைக்க முடியாதுன்னு நினைச்சேன். மெசேஜ்ல தெளிவா எழுதியிருந்தேன்ல? 'இரண்டாவது விடைக்கு வழிமுறை இல்லாத காரணத்தால்'னு.

அந்த டாக்டர், மகளைக் கூட்டிக்கிட்டு வந்தான். கல்யாணம் ஆவணி கடைசி முகூர்த்தம், இலஞ்சி குமாரர் கோயில்ல. நான் அவனுக்கு மறுபடி கணக்கு வைக்கல. அந்தப் பிள்ளை வந்ததும் என் மேசையில கிடந்த கிராஃப் தாளை எடுத்து, வளைகோட்டுக்கு மேல ஒரு மாடு வரைஞ்சுட்டுப் போயிடுச்சு. நாலு கால் போட்டிருக்கு. எண்ணிக்கை எல்லாம் சரியா இருக்கு.

டீ குடிங்க, ஆறுது. உங்க பையனுக்கு என்ன குறை? பெங்களூர்ல வேலை, கை சுத்தம், கட்டம் போட்டு விடை எழுதுறான். உங்களுக்கு நூறு சம்பந்தம் வரும்.

என்ன அண்ணாச்சி, போனை எடுக்கீங்க? பையன் கூப்பிடுதானா? இல்லையா. என்ன, படமா?

ஓ.

கோமதிநாயகம் எழுதி அனுப்பியிருக்கானா? மெசேஜைப் பாத்த அன்னைக்கேவா? காட்ட வேண்டாம் அண்ணாச்சி, கண்ணாடி உள்ள இருக்கு. எனக்கு இப்பல்லாம் சின்ன எழுத்து தெரியுறதில்ல.

எத்தனை வரி?

நாலு வரியா. லாக் எடுக்காம. ம். ரெண்டு எக்ஸ் பவர் எக்ஸால ரெண்டு பக்கமும் வகுத்திருப்பான். மூணாவது வரியில, எக்ஸ் பை ரெண்டு, அதோட ஹோல் பவர் எக்ஸ், ஒண்ணுக்குச் சமம்னு வந்திருக்கும். அப்ப உள்ள இருக்கிறது ஒண்ணு. இல்லன்னா, பவர் இரட்டைப்படையா இருந்தா, மைனஸ் ஒண்ணு. அப்படித்தான இருக்கு? கடைசியில கட்டம் போட்டிருக்கானா?

போட்டிருப்பான். நல்ல பையன். முழு மார்க் போட்டேன்னு சொல்லுங்க.

போனை உள்ள வைங்க அண்ணாச்சி. பைக்குள்ள வைங்க. மெதுவாப் பேசுங்க, செண்பகம் சமையல்கட்டுலதான் இருக்கா. வாசல் கேட் திறக்கிற சத்தம் கேக்கா? உலகுதான் வாரா. உங்களைக் கையெடுத்துக் கேக்கேன், வேற எதுவும் கேக்கல.

வாம்மா உலகு. சங்கரன்கோவில் மாமா வந்திருக்காங்க. ஒண்ணும் இல்லம்மா, கல்யாணப் பத்திரிகை வாங்கிட்டுப் போகத்தான் வந்திருக்காங்க.